பூட்டிய அறையும் ஒரு பாட்டியின் கேள்வியும்

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் படவண்டி வந்து நிற்கும். லயன் வீடுகளிலிருந்து பாயும் பலகையுமாக எல்லாரும் திடலில் கூடுவார்கள். எனக்கு அப்பொழுது எட்டு, ஒன்பது வயதிருக்கும், 1970-களின் இறுதி. அன்று ‘சாந்தி நிலையம்’. செல்வம் நிறைந்த ஒரு வீடு, அடங்காத பிள்ளைகள், அவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வரும் ஆதரவற்ற பெண், கடுகடுத்த முகமுடைய வீட்டுத் தலைவர், அதே வீட்டுக்குள் பிறர் கண்ணில் படாமல் வைக்கப்பட்டிருக்கும் சித்தம் கலங்கிய மனைவி. அப்படி ஒருத்தி இருப்பது தெரியவந்த கட்டத்தில் திடலே அடங்கிவிட்டது. எங்களுக்கு முன்னால் அமர்ந்திருந்த பாட்டி ஒருவர் மட்டும் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “அதான் இவளுக்குச் சித்தம் கலங்கிப்போச்சே, இன்னொருத்தியக் கட்டிக்கிட்டு இவளுக்கும் கஞ்சி ஊத்த வேண்டியதுதானே? எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கான்?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபொழுது ‘ஜேன் அயர்’ என்னும் ஆங்கில நாவலின் சுருக்கப் பதிப்பு ஒன்று கைக்கு வந்தது. பாதி படிக்கும்பொழுதே திடலில் கண்ட படம் கண்முன் வந்துவிட்டது. பிறகு முழு நூலையும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தப் பாட்டி கேட்டது சிரிப்பதற்குரிய கேள்வியன்று என்பது விளங்கிற்று. அக்கதை எதன்மேல் நிற்கிறதோ அதையே அவர் தொட்டுக் கேட்டுவிட்டார். ஒரு மனைவி மனம் பேதலித்தால் கணவன் ஏன் அவளை மறைக்க வேண்டும்? இதற்கு இங்கிலாந்தில் ஒரு விடை இருந்தது. சென்னையில் வேறு விடை. நம் தோட்டத்தில் இன்னொரு விடை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூல நூலைப் பற்றிச் சிறிது. சார்லட் பிராண்டி என்னும் பெண்மணி எழுதிய இந்நாவல், 1847-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லண்டனில் வெளிவந்தது. பெண் எழுதியது என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்கள் என்று கருதி, ‘கரர் பெல்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். இருண்ட மாளிகை, நள்ளிரவில் கேட்கும் சிரிப்பு, காரணம் தெரியாமல் பற்றும் தீ என்று அச்சமூட்டும் பொருள்களைக் கொண்டு கதை சொல்லும் ஒரு மரபு அந்நாட்டில் அதற்கு முன்பே எண்பது ஆண்டுகளாக இருந்துவந்தது. ‘கோதிக்’ நாவல் என்று அதைச் சொல்வார்கள். பிராண்டி அம்மையார் அந்தச் சாமான்களையெல்லாம் எடுத்துக்கொண்டார். ஆனால் மாளிகையில் இருப்பது பேயன்று, ஒரு மனைவி என்று வைத்தார். அதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

(வகுப்பில் ஒருமுறை இக்கதையைச் சொன்னபொழுது ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அந்த ஐயர் எந்த ஊர்?” என்று கேட்டான். ஜேன் அயர் ஐயருமல்லர், ஆணுமல்லர் என்று விளக்கிய பிறகே கதை நகர்ந்தது.)

தாய் தந்தையரை இழந்த ஜேன், மாமன் வீட்டில் அத்தையின் கொடுமைக்கு ஆளாகி, அறப்பள்ளி ஒன்றில் சேர்க்கப்படுகிறாள். அங்கே பட்டினி, குளிர், தொற்றுக் காய்ச்சல். இது கற்பனையன்று, ஆசிரியையின் மூத்த சகோதரிகள் இருவர் அத்தகைய பள்ளி ஒன்றில் நோய்வாய்ப்பட்டு 1825-ம் ஆண்டில் இறந்தனர். வளர்ந்த ஜேன், தார்ன்ஃபீல்டு என்ற மாளிகையில் ஒரு சிறுமிக்கு ஆசிரியையாக வேலைக்கு வருகிறாள். வீட்டுத் தலைவரான ரோச்செஸ்டர் அவளை விரும்புகிறார், திருமணம் நிச்சயமாகிறது. தேவாலயத்தில் மணச்சடங்கு நடக்கும் வேளையில் ஒரு வழக்கறிஞர் வந்து, மணமகனுக்கு உயிரோடு ஒரு மனைவி இருக்கிறாள் என்று தடுக்கிறார். பெர்த்தா என்னும் அந்த மனைவி அதே மாளிகையின் மூன்றாம் தளத்தில் பூட்டிய அறையில் காவலுடன் இருக்கிறாள். ஜேன் அன்றிரவே வெளியேறுகிறாள். பின்னர் பெர்த்தா மாளிகைக்குத் தீ வைத்துவிட்டுக் கூரையிலிருந்து விழுந்து இறக்கிறாள். அவளைக் காக்கப்போன ரோச்செஸ்டர் ஒரு கையையும் கண்பார்வையையும் இழக்கிறார். அதன் பிறகே ஜேன் அவரிடம் திரும்பி வந்து மணந்துகொள்கிறாள்.

ஆசிரியத் தொழில் செய்கின்ற நம் போன்றோர் இந்நூலில் வரும் சம்பளக் கணக்கை மனத்தில் வைக்காமல் படிக்க முடியாது. அறப்பள்ளியில் ஜேனுக்கு ஆண்டுக்கு 15 பவுன். தார்ன்ஃபீல்டில் 30 பவுன். பித்துப் பிடித்தவளைக் காவல் காக்கும் கிரேஸ் பூல் என்பவள் வாங்கும் கூலியில் தங்களுக்கு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்று மற்ற வேலைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். இரகசியம் வெளிப்பட்ட பிறகு அவளுக்கு ஆண்டுக்கு 200 பவுன் தருவேன் என்கிறார் ரோச்செஸ்டர். பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவளைக் காட்டிலும் குடும்ப இரகசியத்தைக் காப்பவளுக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு! பிராண்டி அம்மையார் தாமே இவ்வேலை பார்த்தவர். 1841-ல் அவர் சேர்ந்த வீட்டில் பெயரளவில் 20 பவுன். துணி வெளுக்கும் செலவுக்கென்று 4 பவுன் பிடித்தம். அவர் வேலைக்காரர்களோடும் சேராதவர், குடும்பத்தோடும் சேராதவர். நம் தோட்டப் பள்ளிகளில் முற்காலத்து ஆசிரியர் நிலையும் இதற்கு வெகு தூரமில்லை. 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்றது. ஆசிரியர் யார் என்பதைத் தோட்ட நிர்வாகம் பார்த்துக்கொண்டது. கிராணியோ கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ காலையில் ஒரு வேலை, பிறகு பாடம் என்று நடத்தினார்கள். துரை பங்களாவுக்கும் அவர் அந்நியர், லயனுக்கும் முழு உறவினர் அல்லர். நிற்க.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். ரோச்செஸ்டர் ஏன் பெர்த்தாவை விலக்கிவிட்டு ஜேனை மணக்கவில்லை? அன்றைய ஆங்கிலச் சட்டம் இடம் தரவில்லை. 1857-ம் ஆண்டு வரை அந்நாட்டில் முழு மணவிலக்கு வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தமக்கென்று தனிச் சட்டம் ஒன்று நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். பெருஞ் செல்வருக்கே அது இயலும். அதுவும் மனைவி பிறருடன் உறவு கொண்டாள் என்ற குற்றத்தின்மேல்தான். மனநோயைக் காரணமாகக் காட்டமுடியாது. மருத்துவர் ‘பித்து’ என்று சொல்லிவிட்ட பிறகு சட்டத்தின் வழியாக விடுபட முடியவில்லை என்று ரோச்செஸ்டரே கதையில் கூறுகிறார். 1857-ம் ஆண்டுச் சட்டம் மணவிலக்குக்கு நீதிமன்றம் அமைத்தது. மனநோயை அதுவும் ஏற்கவில்லை. தீராத மனநோயால் ஐந்தாண்டுகள் பராமரிப்பில் இருந்தால் மணவிலக்குப் பெறலாம் என்ற விதி இங்கிலாந்தில் 1937-ம் ஆண்டில்தான் வந்தது. கதை வெளிவந்து 90 ஆண்டுகள் கழித்து! இரண்டாம் மனைவியைக் கட்டிக்கொள்வதோ கடுங்குற்றம். ஆக, ரோச்செஸ்டருக்கு முன்னே இருந்த வழிகள் இரண்டே: தனித்திருப்பது, அல்லது மறைப்பது.

இது வெறுங் கதையன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு. நாவலின் இரண்டாம் பதிப்பைப் பிராண்டி அம்மையார் அக்காலத்துப் பேரெழுத்தாளரான தாக்கரேக்குக் காணிக்கையாக்கினார். கல்கத்தாவில் பிறந்தவர் தாக்கரே. அவருடைய மனைவி இசபெல்லா 1840-ம் ஆண்டு முதல் மனநோயாளி என்பதும், அவ்வம்மையார் தனியே பிறர் பராமரிப்பில் வைக்கப்பட்டிருந்தார் என்பதும் பிராண்டி அறியாதவை. உடனே லண்டனில் வதந்தி பரவிற்று: இந்தக் ‘கரர் பெல்’ தாக்கரே வீட்டில் ஆசிரியையாக இருந்தவராம், தம் கதையையே எழுதிவிட்டாராம்! பிராண்டி மிகவும் வருந்தினார். தாக்கரே 1863-ல் இறந்தார்; இசபெல்லா 1894 வரை உயிர் வாழ்ந்தார். இறக்கும் வரை தாக்கரே மறுமணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தரவில்லை.

சட்டத்தோடு பணமும் சேர்ந்திருந்தது. ரோச்செஸ்டர் இரண்டாம் மகன். நிலத்தைப் பிரிக்க விரும்பாத தந்தை அதை மூத்தவனுக்கு வைத்துவிட்டு, இளையவனுக்குச் சீதனத்தோடு ஒரு பெண்ணைத் தேடினார். கிடைத்தவள் ஜமைக்காத் தீவைச் சேர்ந்த தோட்ட முதலாளியும் வணிகருமான மேசன் என்பவரின் மகள் பெர்த்தா. சீதனம் 30,000 பவுன். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, தனி ஏற்பாடு ஒன்றும் செய்யாதவிடத்து, மணமான பெண்ணின் பணம் கணவனுடையது. 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தாம் அதை மாற்றின. பெர்த்தா பணத்தோடு வந்தாள். பணம் கணவனிடம் இருந்தது. அவள் மூன்றாம் தளத்தில் இருந்தாள். பிள்ளைகள் இதைக் கேட்டால் ‘சீதனம் வாங்கிக்கொண்டு பெண்ணைப் பூட்டினான்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். நாவலில் நெடிய நியாயங்கள் சொல்லப்படுகின்றன. எனக்குப் பிள்ளைகளின் வாக்கியத்தில் பிழை தெரியவில்லை.

ஜமைக்காத் தோட்டம் என்றால் கரும்புத் தோட்டம் நினைவுக்கு வரும். ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் எழுந்த செல்வம் அது. 1834-ல் அடிமை முறை சட்டப்படி நீங்கிற்று. 1838-ல் முழு விடுதலை கிடைத்தது. தோட்ட முதலாளிகளுக்கு 20 மில்லியன் பவுன் இழப்பீடு கிடைத்தது; அடிமைகளாயிருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதன் பிறகு சர்க்கரை செய்யும் ஆங்கிலேயர் புதிய நிலம் தேடினர். அவர்களுட் சிலர் வந்த இடங்களுள் ஒன்று, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் நம் செபராங் பிறை, அன்றைய பிராவின்ஸ் வெல்லெஸ்லி. லியோனார்டு ரே என்பவர் மேற்கிந்தியத் தீவுகளிலும் இந்தியாவிலும் மலாக்கா நீரிணைப் பகுதியிலும் பதினாறு ஆண்டுகள் கரும்புத் தோட்டம் நடத்திய அனுபவத்தைக் கொண்டு ஒரு பெரிய கைநூல் எழுதினார். அது லண்டனில் அச்சானது 1848-ம் ஆண்டில். ‘ஜேன் அயர்’ வந்த மறு ஆண்டு. இரண்டும் ஒரே நகரத்துப் புத்தகக் கடைகளில் ஒரே காலத்தில் கிடைத்திருக்கும். ஒன்றில் ஜமைக்காச் சர்க்கரையின் பணம் ஒரு மாளிகையில் என்ன செய்தது என்று இருக்கிறது. மற்றதில் அதே சர்க்கரையை நம் நிலத்தில் எப்படிச் செய்வது என்று இருக்கிறது. அந்தத் தோட்டங்களுக்குத்தான் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. ஒப்பந்த முறை 1910-ல் நீக்கப்பட்டது. பத்து காவான், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களில் முப்பாட்டனார் கரும்பு வெட்டியதாகச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆகவே தார்ன்ஃபீல்டு மாளிகை நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

நாவலில் பெர்த்தா ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. உறுமுகிறாள், கடிக்கிறாள், சிரிக்கிறாள். அவள் பக்கத்துக் கதையை எழுத ஒருவர் வர நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. டொமினிக்காத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் அம்மையார் 1966-ம் ஆண்டில் ‘வைடு சர்காசோ சீ’ என்ற நாவலில் அவளுக்கு இளமையும் ஊரும் வாயும் கொடுத்தார். திரைப்படமோ அதுவரை அவளுக்கு முகத்தையே கொடுக்கத் தயங்கிற்று. ஆங்கிலேயரான ராபர்ட் ஸ்டீவன்சன் ஹாலிவுட்டில் இயக்கி 1943-ம் ஆண்டு இறுதியில் வெளிவந்த ‘ஜேன் அயர்’ படத்தில் ஆர்சன் வெல்ஸ் ரோச்செஸ்டராகவும், ஜோன் ஃபான்டெய்ன் ஜேனாகவும் நடித்தனர். ஆல்டஸ் ஹக்ஸ்லி திரைக்கதையில் பங்கு கொண்டார். சிறுமியாயிருந்த எலிசபெத் டெய்லர், அறப்பள்ளியில் இறந்துபோகும் தோழியாக வருகிறார். மூடுபனியும் நிழலுமாக, கறுப்பு வெள்ளைப் படங்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்று. அதிலும் பெர்த்தாவின் முகம் காட்டப்படவில்லை. அச்சத்துக்கு அது உதவும் என்பது உண்மை. ஆனால் நமக்கு அவளை ஒரு மனுஷியாக நினைக்க இடமில்லாமற் போகிறது.

இனிக் கதை இந்தியாவுக்கு வந்தவிதம். ஒரு பெண் மனம் பேதலித்தாலோ பிள்ளை பெறாவிட்டாலோ இன்னொருத்தியை மணப்பது இந்துக் குடும்பங்களில் வழக்கமாகவும் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் இருந்த வரையில், பூட்டிய அறைக் கதை அங்கே வேரூன்ற வழியில்லை. தேவாலயத்தில் வந்து தடுக்கும் வழக்கறிஞருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. “முதல் மனைவி இருக்கிறாள்” என்று அவர் கூவினால், “இருக்கட்டுமே, அவளும் மேடைக்கு வந்து அட்சதை போடட்டும்” என்று மணவீட்டார் சொல்லியிருப்பார்கள். பம்பாய் மாகாணத்தில் 1946-லும் சென்னை மாகாணத்தில் 1949-லும் இந்துக்களுக்கு இருதார மணம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் அதைப் பொதுவாக்கிற்று. பம்பாயில் எடுக்கப்பட்ட ‘சங்தில்’ என்னும் இந்திப் படம், திலீப் குமாரும் மதுபாலாவும் நடித்து, தல்வார் இயக்கத்தில், 1952-ல் வந்தது. அது ஜேன் அயர் கதைதான். கன்னடத்தில் ‘பேடி பந்தவளு’ 1968-ல் வந்தது. அதையடுத்து 1969-ல் தமிழில் ‘சாந்தி நிலையம்’. சட்டம் வந்ததனாற்றான் படம் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. படக்காரர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் கதை தேடுவதில்லை. ஆயினும், ‘இவனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள்’ என்ற செய்தி பார்ப்போருக்கு இடியாக விழவேண்டுமானால், அதற்குச் சட்டமும் சமூக மனமும் முன்னமே மாறியிருக்க வேண்டும் என்பது தெளிவு.

ஆனால் இதில் ஒரு விந்தை உண்டு. 1955-ம் ஆண்டுச் சட்டம் ஒரு கையால் இருதார மணத்தைத் தடுத்து, மறு கையால் மணவிலக்குக்கு வழி திறந்தது. கணவனோ மனைவியோ தீராத மனநோயால் மூன்றாண்டுகள் தொடர்ந்து வாடினால் மற்றவர் நீதிமன்றத்தில் விலக்குக் கேட்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. எனவே 1969-ல் சென்னையில் வாழ்ந்த ஒரு ரோச்செஸ்டருக்குச் சட்டத் தடை இல்லை. வழக்கறிஞரைப் பார்த்து மனுப்போட்டால் போதும். சீதனச் சர்க்கரைப் பணமும் தமிழ்க் கதைக்குத் தேவைப்படவில்லை. இங்கிலாந்தில் அறையைப் பூட்டிய சட்டம், பணம் ஆகிய இரண்டும் இல்லை. இருந்தும் அறை பூட்டியே இருந்தது, திரையரங்கில் அமர்ந்திருந்த ஒருவரும் “ஏன் பூட்டினான்?” என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமலே அது அவர்களுக்கு விளங்கிற்று. வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் மறைப்பதுதான் வழக்கம். வெளியே தெரிந்தால் தங்கைக்கு மாப்பிள்ளை வரமாட்டான்; பிள்ளைகளைப் ‘பைத்தியக்காரி மகன்’ என்பார்கள். நாவலில் சட்டம் செய்த வேலையைத் தமிழில் வெட்கம் செய்தது.

படத்தைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜி. எஸ். மணி இயக்கியது, ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் தலைமைப் பாத்திரங்கள், சித்ராலயா கோபுவின் எழுத்து, எம். எஸ். விசுவநாதனின் இசை, எஸ். பி. பாலசுப்பிரமணியம் தமிழில் பாடத் தொடங்கிய ஆண்டுப் பாடல் ஒன்றும் அதில் இருக்கிறது. குறும்புக்காரப் பிள்ளைகள் கூட்டத்தைப் பாட்டாலும் அன்பாலும் ஆசிரியை வசப்படுத்தும் பகுதி, 1965-ல் உலகெங்கும் ஓடிய ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தை நினைவூட்டும். நாவலில் ஒரே சிறுமி. இங்கே ஒரு பட்டாளம். நாகேஷ் வருமிடங்களில் எந்தப் பேயும் நிற்காது. கோதிக் கதையின் இருட்டைக் குறைத்துக் குடும்பக் கதையாக்கிவிட்டார்கள் என்று குறை சொல்வாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மார்க்கஸ் பார்ட்லி அதை வண்ணத்தில் எடுத்தார். ‘மாயா பஜார்’, ‘செம்மீன்’ ஆகியவற்றின் ஒளிப்பதிவாளர் அவர். ‘சாந்தி நிலைய’த்துக்கு 1969-ம் ஆண்டின் வண்ண ஒளிப்பதிவுக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. வெயிலும் பூவும் பாட்டும் நிறைந்த வீட்டில், ஒரு கதவுக்குப் பின்னால் மட்டும் இருட்டு. நம் வீடுகளில் இருட்டு அப்படித்தான் இருக்கிறது. பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்.

கதையில் வரும் தீ தமிழ் நிலத்தில் மெய்யாகவே ஒருமுறை பற்றிற்று. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. கட்டிலோடும் தூணோடும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். தர்காவில் நோய் தீரும் என்ற நம்பிக்கையோடு உறவினர் கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள் அவர்கள். அதன் பிறகு இந்திய உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. பெர்த்தாவைக் காக்க ரோச்செஸ்டராவது கூரைக்கு ஏறினார்.

நம் நாட்டில் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. பேராக்கில் உள்ள அவ்வூரில் மனநல மருத்துவமனை 1911-ல் திறக்கப்பட்டது. பள்ளி விளையாட்டுத் திடலில் ஒரு பிள்ளை இன்னொன்றை ஏசும்பொழுது இன்றும் அப்பெயர் வருகிறது. அந்த வசைக்கு அஞ்சியே பலர் சிகிச்சைக்குப் போவதில்லை. பெர்த்தாவின் காலத்தில் மனநோய்க்கு மருந்தில்லை. காவலும் கட்டுமே வைத்தியம். 1950-களின் தொடக்கத்தில் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்தது முதல் நிலைமை மாறிற்று. ‘சாந்தி நிலையம்’ வெளிவந்தபொழுதே மருத்துவமனைகளில் மாத்திரை இருந்தது. நம் நாட்டு மனநலச் சட்டம் 2001-ல் நிறைவேறி 2010-ல் நடைமுறைக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் படித்த ஒரு சிறுமி அடிக்கடி வராமல் போனாள். வீடு தேடிச் சென்றேன். வாசலிலேயே நின்று பேசினாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. தோட்டத்து வழக்கத்தில் ஆசிரியர் வந்தால் நாற்காலி போடாத வீடு இராது. பேசிக்கொண்டிருக்கையில் உள்ளே எதையோ தட்டும் ஓசை. சிறுமி என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்டுவிட்டேனா என்று அறியத்தான். பிறகு அவள் தந்தை பள்ளிக்கு வந்து விவரம் சொன்னார். இரண்டாம் பிள்ளை பிறந்தது முதல் மனைவிக்குச் சுகமில்லை. சாமியார் ஒருவரிடம் நிறையப் பணம் போயிற்று. வேலைக்குப் போகும்பொழுது வேறு வழியின்றிக் கதவைப் பூட்டிப் போகிறார். பிள்ளையைக் காவலுக்கு வைக்கிறார். அவர் கெட்டவர் அல்லர். அரசாங்க மருத்துவமனையில் இதற்கென்று பிரிவு இருப்பதும் அதற்கு ஆகும் செலவு சில வெள்ளிதான் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. நானும் வேறொருவரும் உடன் சென்றோம். அந்த அம்மாள் இன்று முழுக்கத் தேறிவிட்டார் என்று எழுத ஆசைதான். மருந்தை நிறுத்தும்பொழுதெல்லாம் நோய் திரும்புகிறது. கதவு பூட்டுவதில்லை. சிறுமி ஒழுங்காகப் பள்ளிக்கு வந்து ஆறாம் ஆண்டை முடித்தாள்.

இனி, திடலில் கேள்வி கேட்ட பாட்டி. அவர் அன்று சொன்னது அறியாமையால் அன்று. நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்று விதித்த திருமண மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976-ல் நிறைவேறினாலும், நடைமுறைக்கு வந்தது 1982-ம் ஆண்டு மார்ச்சு முதல் நாளில்தான். அதற்கு முன் பதிவுத் திருமணம் செய்துகொண்டோர்க்கன்றி, வழக்கப்படி கோயிலில் தாலி கட்டிய இந்து ஆடவன் இரண்டாந்தாரம் கொள்வதற்குத் தடை இருக்கவில்லை. ஆகவே 1970-களின் இறுதியில், தோட்டத்துத் திடலில் அமர்ந்து படம் பார்த்த பாட்டி சொன்ன வழி சட்டத்துக்கு உட்பட்ட வழி. சென்னையில் அதே கணவன் அதே செயலைச் செய்தால் சிறை. ஒரே படம், கடல் தாண்டியதும் அதன் முடிச்சே அவிழ்ந்துவிட்டது.

அவருக்கு அது சொந்த அனுபவமுங்கூட என்பதை அம்மா எனக்குப் பின்னால் சொன்னார். அவரே இரண்டாந்தாரம். மூத்தாளுக்குச் சித்தம் கலங்கிய பிறகு, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே லயன் வீட்டில் இருவரும் இருந்தனர். காலையில் பால்மரம் வெட்டப் போகுமுன் மூத்தாளுக்குத் தலைவாரி, கஞ்சி ஊற்றி, திண்ணையில் உட்காரவைத்துவிட்டுப் போவாராம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் மூத்தாளிடம் ஒரு வார்த்தை பேசுவார்களாம். இதைச் சொல்லிப் பழைய வழக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ணவேண்டாம். மூத்தாளை ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. இளையாளையும் கேட்கவில்லை, அவருக்கு அப்பொழுது பதினாறு வயது. கணவர் இறந்தபின் தோட்ட அலுவலகத்தில் ‘மனைவி யார்?’ என்று கேட்டபொழுது காட்டுவதற்கு அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. 1982-ம் ஆண்டுச் சட்டம் வந்தது நன்மையே. முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைப் பதியும்பொழுது, கோயில் திருமணத்தோடு நிறுத்திப் பதிவு செய்யாமல் விட்ட பெற்றோர் பிறப்புப் பத்திரத்தை நீட்டித் தயங்கி நிற்பதை நான் இன்றும் காண்கிறேன். தந்தை குடிமகனாயிருந்தும் தாய் குடியுரிமையற்றவராயிருந்தால் அந்தப் பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குரியதாகிறது.

அந்த மூத்தாள் எப்பொழுது இறந்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். படம் காட்டிய அன்றைக்கு அவர் இருந்தாராம். பாட்டிக்குப் பக்கத்தில், அதே பாயில், போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.